ஹார்ன் அலறுது... கார் கிளம்பலையே!

1987-ஆம் வருஷம், ஐப்பசி அடைமழை. அப்போது பாளையங்கோட்டையில் குடியிருந்தோம். இரவு பதினோரு மணிக்கு என் இரண்டு வயசு மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. எங்களவர் ஆபீஸ் வேலையாகத் திருச்சிக்குப் போயிருந்தார். நானோ லைசென்ஸ் எடுத்து ஆறே மாதம். அத்தை குழந்தையோடு பின் ஸீட்டில் ஏறிக்கொள்ள, சாவியைத் திருப்பினேன். இன்ஜின் 'கர்... கர்...' என்று சுற்றியதே தவிர, கிளம்பவில்லை! போன வாரத் தூறலிலும் இதே கதைதான். மெக்கானிக், "பேட்டரி போச்சும்மா" என்று புதுசு மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

சத்தம் கேட்டு, எதிர்வீட்டு அண்ணாச்சி குடையும் டார்ச்சுமாக ஓடி வந்தார். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயரானவர்.

"தங்கச்சி, ஹார்ன் அடிம்மா."

அடித்தேன். தெருவே அலறியது.

"இன்ஜினும் நல்லாச் சுத்துது, ஹார்னும் அலறுது. பேட்டரி மேல குத்தமில்ல. பொறிதான் வரல. சாவிய அணைச்சிரு."

பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளினார். உள்ளே முத்து முத்தாக ஈரம்! குழந்தையின் காய்ந்த துணி ஒன்றை வாங்கித் துடைத்து, திரும்ப மாட்டினார். ஒரே திருப்பு, கிளம்பிவிட்டது. நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணாச்சியிடம் பாடம் கேட்டேன். பேட்டரி தருவது 12 வோல்ட்தான். பாயிண்ட்ஸ் மூடித் திறக்கும்போது, காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக்குகிறது. பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி, டிஸ்ட்ரிபியூட்டர் அதை நாலு பிளக்குக்கும் முறை வைத்துக் கொடுக்கிறது. வழியில் எங்கே தடை என்று பார்ப்பதுதான் சோதனை.

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வாரே, அந்த மாதிரி பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். வெளிர் காப்பி நிறமென்றால் நல்லது. கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கென்றால் இன்ஜினுக்குள் ஆயில் கசிகிறது. வெள்ளை வெளேரென்றிருந்தால் சூடு ஜாஸ்தி. வயர்களை ஒவ்வொன்றாகவே கழற்றுங்கள். இடம் மாறினால் வண்டி ஓடாது. நான் கலர் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டேன்!

பிறகு பிளக்கை வயரிலேயே மாட்டி, அதன் இரும்பு உடம்பு இன்ஜினில் படும்படி வைத்து, ஒருவர் ஸ்டார்ட்டர் போட வேண்டும். நீலப் பொறி 'டக் டக்'கென்று வந்தால் சரி. மஞ்சளாக, நோஞ்சானாக வந்தால் கோளாறு. ஒரு பிளக்கில் மட்டும் பொறி இல்லையா? அந்தப் பிளக்கையோ வயரையோ சந்தேகப்படுங்கள். நாலிலும் இல்லையென்றால் மூடி, ரோட்டார், பாயிண்ட்ஸ், காயில் பக்கம் போங்கள். மூடிக்குள் பென்சில் கோடு மாதிரி மெல்லிய கரிக்கோடு தெரிந்தால், அது மின்சாரம் கசிந்த தடம். துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

வயரை வெறுங்கையால் தொடவே கூடாது. ரப்பர் பிடி போட்ட குறடுதான். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். குழந்தைகளும், பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கிட்டே வரக் கூடாது. இதெல்லாம் பாயிண்ட்ஸ் உள்ள பழைய கார்களுக்கு மட்டும், சகோதரிகளே. இப்போதைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் பிளக்குக்குப் பிளக்கு தனிக் காயில். அதில் இப்படிப் பொறி பார்த்தால் ஷாக்கும் பலமாக அடிக்கும், எலெக்ட்ரானிக்ஸும் கெடும். இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஓரங்கட்டி, ஒர்க்ஷாப்பைக் கூப்பிடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து வண்டி மறுபடி மக்கர் செய்தது. அதே மெக்கானிக், "காயில் போச்சும்மா" என்றார்.

"பொறி காட்டுங்க தம்பி. பாயிண்ட்ஸையும் பாத்துடலாம்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூடியைக் கழற்றினால், பாயிண்ட்ஸ் கருகிக் குழி விழுந்திருந்தது. புதுப் பாயிண்ட்ஸும் கண்டென்சரும் போட்டதோடு வேலை முடிந்தது. அவர் எடுத்துக்கொண்டு போன பழைய பேட்டரியைப் பற்றிக் கேட்கத்தான் மறந்துவிட்டேன்!