மனச்சோர்வு ரத்தத்தில் தெரியுமா?

போன வாரம் துவாக்குடி பஸ் ஸ்டாப்பில் ஒரு நண்பர் லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். ஆறு மாசமா சரியான தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. 6, டிரைகிளிசரைடு 240. "டிப்ரஷன் இருந்தா ரத்தத்துலயே தெரியுமாமே, நிஜமா சார்?" என்றார். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதான் இந்தக் குறிப்பு.

சி.ஆர்.பி. கல்லீரல் செய்யும் ஒரு புரதம். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். ஈறு வீக்கம், காய்ச்சல், சிகரெட், எல்லாமே ஏற்றும். தொப்பையும் ஏற்றும். வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. இன்டர்லூகின்-6 போன்ற பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கும். அது போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் செய்கிறது. கொழுப்புக் கணக்கும் அழற்சிக் கணக்கும் சேர்ந்தே ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இது மனசைத் தொடுமா? தொடும். ஹெபடைட்டிஸ்-சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி போட்ட காலத்தில், அழற்சியைத் தூண்டும் அந்த மருந்தாலேயே பலருக்கு மனச்சோர்வு வந்தது. 2020இல் நெதர்லாந்தில் மனச்சோர்வு உள்ள 5,283 பேரையும் இல்லாத 10,145 பேரையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் டிரைகிளிசரைடு கூடுதல், நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவு.

ஆனால் இதெல்லாம் சராசரி. மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்குத்தான் சி.ஆர்.பி. 3-ஐத் தாண்டுகிறது. மற்றவர்களுக்கு ரிப்போர்ட் நார்மல். அதைப் பார்த்து வீட்டில் "உனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா இரு" என்று சொல்லிவிட்டால்? எனக்குப் பயம் அங்கேதான்.

மருந்திலும் இதே கதை. 2013இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், சாதாரண மாத்திரைக்குக் கேட்காத 60 பேரில் பாதிப் பேருக்கு இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சி மருந்தும், மீதிப் பேருக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. சி.ஆர்.பி. 5-க்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது.

நம்ம ஊர்க் கணக்கு? 2009இல் வெளியான சென்னை ஆய்வில் 25,455 பேரிடம் கேள்வித்தாள் வைத்துக் கேட்டதில் 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது. ரத்தம் எடுத்து அல்ல, கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள்.

சென்னை உட்பட 4 இந்திய நகரங்களில், சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்தே இருந்த 404 பேரை 24 மாதம் கவனித்த ஆய்வு 2020இல் வந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு ரெண்டையும் ஒரே இடத்தில் பார்த்து, தொடர்ந்து விசாரிக்க ஓர் ஆளையும் வைத்தார்கள். மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, பிரஷர், கெட்ட கொழுப்பு இதில் ஒன்றாவது இறங்கியவர்கள்: வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம், சேர்த்துப் பார்த்ததில் 71.6.

நண்பரிடம் சொன்னது இதுதான்: அந்த டிரைகிளிசரைடை டாக்டரிடம் காட்டுங்க. அந்த ஆறு மாசத் தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. ரிப்போர்ட்டில் அதுக்கு ஒரு வரி கிடையாது. யாரிடமும் வாய் வரலைன்னா 14416, அரசாங்கத்தின் டெலி மனாஸ். தமிழிலேயே பேசலாம்.