டேப்பை எடுத்துவிட்டு ஸ்பேஸ் வைப்பது எப்படி?

தமிழ்நாட்டு பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. திருவண்ணாமலையில் ஒரு மாணவி, கிரிவலப் பாதையின் அஷ்ட லிங்கங்களையும் அவற்றின் திசைகளையும் காட்ட ஒரு புரோகிராம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லூப்புக்குள் முதல் வரியை 4 ஸ்பேஸ் தட்டி உள்ளே தள்ளினார். அடுத்த வரியை வேறொரு எடிட்டரில் டேப் தட்டித் தள்ளினார். திரையில் இரண்டும் நேராகத்தான் நிற்கின்றன. ஓட்டினால் ‘டேப்எரர்’ வருகிறது. 2008இல் வெளிவந்த பைத்தான் 3 இந்தக் கலப்பை ஏற்பதில்லை. பைத்தானின் எழுத்து நடை விதிகளான ‘பெப் 8’ சொல்வதும் 4 ஸ்பேஸ்தான்.

அப்படியானால் ஒவ்வொரு டேப்பையும் 4 ஸ்பேஸாக மாற்றிவிட்டால் போதுமா? போதாது. டேப்புக்கு நிலையான அகலம் கிடையாது. அடுத்த நிறுத்தம் வரை நகர்த்துவதே அதன் வேலை. நிறுத்தங்கள் 4, 8, 12 என்று இருந்தால், 2 ஸ்பேஸுக்குப் பின் வரும் டேப் வரியை 4இல் கொண்டுபோய் நிறுத்தும். வெறுமனே மாற்றினால் அது 6 ஆகிவிடும். இந்தக் கணக்கைச் சரியாகப் போடவே பைத்தானில் ‘எக்ஸ்பாண்ட்டேப்ஸ்’ இருக்கிறது.

இந்த மாற்றத்தைச் செய்யும் ஸ்கிரிப்ட் பத்து வரிகூட வராது. கோப்பை யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸில் தமிழ் எழுத்துகள் சிதையலாம். ஒவ்வொரு வரியிலும் தொடக்கத்து வெற்றிடத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதற்கு எக்ஸ்பாண்ட்டேப்ஸ் 4 போட்டு, மீதி வரியை அப்படியே ஒட்ட வேண்டும். முடிவைப் புதிய கோப்பில் எழுதுங்கள். பழையது கையில் இருக்கட்டும்.

தொடக்கத்தில் மட்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ‘இந்திர லிங்கம்’, ‘கிழக்கு’ இரண்டுக்கும் நடுவே டேப் வைத்து, அந்த டேப்பை வைத்தே புரோகிராம் பெயரையும் திசையையும் பிரிக்கிறது என்றால், அதை மாற்றியதும் எல்லாம் குழம்பும். தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘திருவண்ணாமலை’ நமக்கு 7 எழுத்து. பைத்தானுக்கோ 12, உயிர்மெய்யின் குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். தமிழ்ச் சொல்லுக்குப் பின் வரும் டேப்பை விரித்தால் பத்திகள் கோணிப்போவது அதனால்தான்.

பைத்தான் 2 காலத்துக் கோப்பு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அது டேப்பை 8இன் நிறுத்தமாகவே கொள்ளும். அதில் 4 போட்டால், ‘இஃப்’ கட்டளைக்குள் இருந்த வரி சத்தமில்லாமல் வெளியே வந்துவிடலாம். பிழைச்செய்தியே வராது, விடை மட்டும் தப்பாகும். அங்கே 8 போடுங்கள். மாற்றியபின் புரோகிராமை ஓட்டி, விடையைச் சரிபார்க்காமல் பழைய கோப்பை அழிக்காதீர்கள்.

இனி எழுதுவதற்கு, டேப் விசையைத் தட்டினால் 4 ஸ்பேஸ் விழும்படி எடிட்டரில் அமைத்துக்கொள்ளுங்கள். ‘மேக்’ கருவி படிக்கும் மேக்ஃபைல்களை மட்டும் இந்த ஸ்கிரிப்டிடம் கொடுக்காதீர்கள். அங்கே கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும்.