வரவுக்குள் வாழும் கட்டடம்

ஒரு குடும்பத்தின் செலவு அதன் வரவுக்குள் அடங்கினால் கடன் ஏற்படாது. கட்டடங்களுக்கும் இக்கணக்குப் பொருந்தும். ஒரு கட்டடம் ஓர் ஆண்டில் செலவிடும் மின்சாரத்தின் அளவும், அவ்வாண்டில் அது தானே உண்டாக்கும் மின்சாரத்தின் அளவும் சமமானால், அதனை 'நிகரச் சுழிய ஆற்றல் கட்டடம்' என்பர். சுழியம் என்றால் பூச்சியம். வரவிலிருந்து செலவைக் கழித்தால் எஞ்சுவது பூச்சியம் என்பதே இப்பெயரின் பொருள்.

புதுதில்லியின் ஜோர்பாக் பகுதியில் இத்தகைய கட்டடம் ஒன்று உள்ளது. அதன் பெயர் 'இந்திரா பர்யாவரண் பவன்'. மத்தியப் பொதுப்பணித் துறை கட்டிய இக்கட்டடம் 2014ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் திறந்துவைக்கப்பட்டது. நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் இங்குச் செயல்படுகிறது.

இதன் கூரைமேல் 930 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. இவற்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 இலட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்று திட்டமிடப்பட்டது. பகலில் மிகுதியாகும் மின்சாரம் நகரின் மின்கம்பிகளுக்குச் செல்லும். வெயில் இல்லாத வேளையில் அங்கிருந்து மின்சாரம் பெறப்படும். ஆண்டு முடிவில் கொடுத்ததும் பெற்றதும் ஈடாக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மாடிகள் கூடினால் மின்செலவும் கூடும். கூரையின் பரப்போ கூடாது. வழக்கமான அலுவலகங்களைப் போல மின்சாரத்தைச் செலவிட்டால் அந்த ஒரே கூரை போதாது. ஆகவே, மின்சாரத்தை உண்டாக்குவதற்கு முன் அதன் தேவையைக் குறைப்பதே முதல் வேலை ஆயிற்று.

முதலில் திசை கவனிக்கப்பட்டது. காலையிலும் மாலையிலும் கதிரவன் தாழ்வாக இருப்பதால், கிழக்கு, மேற்குச் சன்னல்களில் வெயில் நேராக உள்ளே பாயும். கோடைகால நண்பகலில் கதிரவன் உச்சியில் இருப்பதால், தெற்குச் சன்னல்களைச் சிறு மறைப்பே காக்கும். எனவே கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கி அமைக்கப்பட்டன. இரு பகுதிகளுக்கும் நடுவே திறந்தவெளி விடப்பட்டது. தமிழகத்துப் பழைய வீடுகளின் முற்றத்தைப் போலவே அது காற்றையும் வெளிச்சத்தையும் தருகிறது. அதனால் பகலில் விளக்குகளின் தேவை குறைகிறது.

அடுத்தது குளிரூட்டல். தில்லியின் கோடையில் காற்று கொதித்தாலும், நிலத்தின் ஆழத்தில் மண் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். ஆகவே 80 மீட்டர் ஆழத்திற்குத் துளைகள் இட்டுக் குழாய்கள் இறக்கப்பட்டன. குளிரூட்டும் கருவிகள் வெளியேற்றும் வெப்பத்தின் ஒரு பகுதியை இக்குழாய்களில் ஓடும் நீர் மண்ணுக்குள் கொண்டு சேர்க்கிறது. இதனால் மின்சாரமும் தண்ணீரும் மிச்சமாகின்றன.

சூரிய மின்தகடுகளைப் பிற்காலத்திலும் வாங்கிப் பொருத்தலாம். ஆனால், எழுப்பிய கட்டடத்தைத் திசை மாற்ற இயலாது. அதன் நடுவில் முற்றம் அமைப்பதும் எளிதன்று. ஆகவே, ஓர் ஊரில் பள்ளியோ நூலகமோ ஊராட்சி அலுவலகமோ கட்டும்போது, வரைபடம் தாளில் இருக்கும் நாளிலேயே மக்கள் இவற்றைக் கேட்க வேண்டும். பொதுக் கட்டடத்தின் மின்கட்டணம் பல்லாண்டுகளுக்கு மக்களின் வரிப்பணத்திலிருந்தே செலுத்தப்படுகிறது.

கட்டி முடித்த பின்னும் கணக்கு முடிவதில்லை. சிமெண்டும் இரும்பும் செய்யப்பட்டபோது வெளிப்பட்ட கரிப்புகை இந்த மின்கணக்கில் சேராது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தாலும், தேவைக்கு மேல் அறையைக் குளிர்வித்தாலும், செலவு வரவை மீறிவிடும். கட்டுவோர் தொடங்கிய கணக்கை நாள்தோறும் காப்பவர் அதில் பணிபுரிவோரே.

சிந்தித்து எழுதுக

1. மாடிகள் கூடும்போது நிகரச் சுழியத்தை எட்டுவது ஏன் கடினமாகிறது?
2. உம் வகுப்பறைச் சன்னல்கள் எத்திசை நோக்கியுள்ளன? எந்நேரத்தில் வெயில் உள்ளே வருகிறது?
3. பகலில் விளக்கின்றிப் படிக்கத்தக்க அறைகள் உம் பள்ளியில் எத்தனை? எண்ணிப் பட்டியலிடுக.