திடலைத் திறந்த கூட்டு

கோப்பை வந்தால் கைதட்டுகிறோம்; கோல் வாங்கக் காசு கொடுத்தவர் யார் என்று கேட்கிறோமா, தோழர்களே?

1980, மாஸ்கோ. ஆக்கியில் தங்கம்! பிறகு 41 ஆண்டுகள் ஒலிம்பிக்கில் வெறுங்கை. கிரிக்கெட்டைத் தேடிக் கோடிகள் ஓடின. ஆக்கி ஆதரவற்று நின்றது. 2018-இல் ஒடிசா அரசு முன்வந்து ஆக்கி இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்தது; ஆடவர், மகளிர் இரு அணிகளையும் தாங்கியது. டாட்டா நிறுவனங்களோடு கைகோத்துப் புவனேசுவரத்தில் பயிற்சி மையம் கண்டது. 2021, டோக்கியோ: வெண்கலம்! 2024, பாரிஸ்: மீண்டும் வெண்கலம்! வென்றவர்கள் வீரர்கள்; வழி செய்தது கூட்டு.

"ஏழை மாநிலத்துக்கு ஏன் இந்த ஆடம்பரம்?" என்கிறார்கள் சிலர். பணக்காரன் பிள்ளைக்குக் கிளப் இருக்கிறது. பாட்டாளி பிள்ளைக்கு? பொதுத்திடல்தானே கிளப்! திலீப் திர்க்கியைத் தந்த சவுனமாரா சிற்றூர்தான் அமித் ரோகிதாசையும் தந்தது. மாளிகையில் அல்ல, மண்ணில் விளைந்தவர்கள்!

2023-இல் உருக்காலை நகரான ரூர்கேலாவில் 20,000 பேர் அமரும் அரங்கம் எழுந்தது. மகிழ்ச்சி. ஆனால் கூட்டு அரங்கத்தோடு நின்றால் விளம்பரம். சிற்றூர்த் திடலைத் தொட்டால்தான் தொண்டு.

நகராட்சியிடம் நிலம் உண்டு. பள்ளியிடம் பிள்ளைகள் உண்டு. தொழிற்சங்கத்திடம் தோள் உண்டு. மூன்றையும் சேர்ப்பது யார்? நாம்தான்! உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் திடலின் சாவியை இன்றே கேளுங்கள்!