மணி அடித்தால் ஓடு, நின்றால் "அவுட்"! 119 மணி நேரம் நடந்த அதிசயப் பந்தயம்

ஓட்டப்பந்தயம் என்றால் முதலில் வந்தவருக்குப் பரிசு. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், முதலில் வந்தாலும் பரிசு கிடையாது, கடைசியில் வந்தாலும் தோல்வி கிடையாது என்று ஒரு பந்தயம் நடக்கிறது. அதற்கு எல்லைக்கோடே இல்லை! எல்லோரும் "ஆளை விடு சாமி" என்று உட்கார்ந்த பிறகும் எவர் ஒருவர் ஓடுகிறாரோ, அவர்தான் ஜெயித்தவர்.

இதன் பெயர் "பேக்யார்டு அல்ட்ரா". தமிழில் "கொல்லைப்புற ஓட்டம்" என்று சொல்லலாம். அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தில், பெல் பக்கிள் என்ற சின்ன ஊரில் பிறந்தது. இதைக் கண்டுபிடித்தவர் கேரி காண்ட்ரெல் என்ற தாடிக்காரர். "லாசரஸ் லேக்" என்ற புனைபெயரில்தான் ஊர் உலகம் அவரை அறியும். தமது தோட்டத்திலேயே பாதை போட்டார். வளர்த்த நாயின் பெயரையே பந்தயத்துக்கும் சூட்டிவிட்டார். நாயின் பெயர் "பிக்". பந்தயத்தின் பெயர் "பிக்ஸ் பேக்யார்டு அல்ட்ரா"!

விதிமுறை என்ன?

ஒரு சுற்று 6.7 கிலோ மீட்டர். அதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். "பூ, இவ்வளவுதானா?" என்று தோன்றும். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று போனாலே முடிந்துவிடும்.

சங்கதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அடுத்த மணி அடித்ததும் மறுபடியும் ஓட வேண்டும். அதற்கு அடுத்த மணிக்கும் ஓட வேண்டும். ராத்திரியானாலும் ஓட வேண்டும். 24 மணி நேரம் ஓடினால் சரியாக 100 மைல் வரும். அப்படிக் கணக்குப் போட்டு வைத்த தூரம் அது.

மணி அடிக்க 3 நிமிடம் இருக்கும்போது 3 விசில். 2 நிமிடம் இருக்கும்போது 2 விசில். 1 நிமிடம் இருக்கும்போது ஒரே விசில். மணி அடிக்கும்போது கோட்டுக்குள் நிற்காதவர் "அவுட்". ஒரு மணி நேரம் தாண்டி வந்தவரும் "அவுட்". சுற்றின் நடுவே யாரும் உதவக் கூடாது. கைத்தடி ஊன்றவும் கூடாது.

தூக்கம் எப்போது?

ஒரு சுற்றை 50 நிமிடத்தில் முடித்தால் மிச்சம் 10 நிமிடம். சாப்பாடு, தண்ணீர், ஷூ மாற்றுவது, கால் கொப்புளத்துக்கு மருந்து, தூக்கம் எல்லாமே அதற்குள்தான். விசில் ஊதியதும் கூட வந்தவர்கள் உலுக்கி எழுப்பி விடுவார்கள்.

வேகமாக ஓடினால் ஓய்வு கிடைக்கும், கால் போய்விடும். மெதுவாக ஓடினால் கால் தாங்கும், தூக்கம் போய்விடும். இரண்டு மூன்று இரவு தூங்காமல் ஓடினால், இல்லாத ஆளும் இல்லாத மிருகமும் பாதையில் நிற்பது போலத் தெரியும் என்கிறார்கள் ஓடியவர்கள்.

இரண்டாவது பரிசு இல்லை

எத்தனை பேர் ஓடினாலும் பந்தயத்தை முடித்தவர் ஒருவர்தான். மற்ற அத்தனை பேருக்கும், இரண்டாவது வந்தவருக்கும்கூட, ஏட்டில் எழுதுவது ஒரே வார்த்தை: "முடிக்கவில்லை".

அதோடு போகவில்லை. எதிராளி நின்றுவிட்டால் மட்டும் வெற்றி இல்லை. அவரைவிட ஒரு சுற்று கூடுதலாக, தன்னந்தனியாக ஓடி முடிக்க வேண்டும். அந்த ஒரு சுற்றுக்கு மேல் ஓடவும் முடியாது. உடம்பில் இன்னும் தெம்பு இருந்தாலும் சரி, பந்தயம் முடிந்தது முடிந்ததுதான்.

ஆக, ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பது அவருடைய எதிராளியின் கையில் இருக்கிறது. அதனால் இரண்டாவது ஆளுக்கு "அசிஸ்ட்" என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கைகொடுத்தவர் என்று அர்த்தம்.

டீச்சரிடம் தோற்ற வாத்தியார்

ஹார்வி லூயிஸ், ஓஹியோ மாநிலம் சின்சினாட்டி நகரில் பள்ளி ஆசிரியர். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போய்ப் பழகியவர். 2020ல் டென்னசி பந்தயத்தில் கடைசி வரை நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் லூயிஸ். இன்னொருவர் கோர்ட்னி டவால்ட்டர் என்ற பெண்மணி. அவரும் முன்பு விஞ்ஞான ஆசிரியை! வாத்தியார் 67 சுற்றில் நின்றுவிட்டார். டீச்சரம்மா 68 சுற்று ஓடி, ஆண்கள் அத்தனை பேரையும் ஜெயித்துவிட்டார்.

லூயிஸ் விடவில்லை. 2021ல் திரும்பி வந்தார். 85 சுற்று ஓடி ஜெயித்தார். 2023 அக்டோபரில் 47 வயதில் மறுபடியும் வந்தார். இந்த முறை எதிரே நின்றவர் கனடாவிலிருந்து வந்த இகோர் வெரிஸ். வெரிஸ் 107 சுற்றை முடித்தார், அடுத்ததை முடிக்கவில்லை. லூயிஸ் 108 சுற்று! கோவிலில் 108 சுற்றுகிறவர்கள் உண்டு. இவர் சுற்றியது நாலரை நாள். 724 கிலோ மீட்டர். சென்னையில் கிளம்பி கன்னியாகுமரிக்கு ஓடியே போன மாதிரி.

ஜெயிக்க மறுத்த இருவர்

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2022 அக்டோபரில் நாடுகளுக்கு இடையே அணிப் போட்டி. ஒவ்வொரு அணியும் அதனதன் நாட்டிலேயே ஓடியது. பெல்ஜியத்தில் மிஞ்சியவர்கள் மெரெய்ன் கேர்ட்ஸ், இவோ ஸ்டெயார்ட். இருவரும் 101 சுற்று முடித்தார்கள். அதுவரை உலகத்தில் யாரும் அவ்வளவு ஓடியதில்லை.

இன்னும் ஒரே ஒரு சுற்று யார் ஓடினாலும் அவர் வெற்றி வீரர். இருவரும் ஓடவில்லை! சேர்ந்தே நின்றுவிட்டார்கள். விதிப்படி வெற்றி பெற்றவர் யாரும் இல்லை. உலக சாதனை செய்த இருவர் பெயருக்கும் எதிரே எழுதியது, "முடிக்கவில்லை".

இரண்டு முறையும் ஒரே ஒரு சுற்று

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் "டெட் கவ் கல்லி" என்று ஓர் இடம். பெயரிலேயே செத்த மாடு இருக்கிறது! 2023 ஜூனில் அங்கே ஆஸ்திரேலியரான பில் கோர் 102 சுற்று ஓடி உலக சாதனை படைத்தார். 101 சுற்று வரை கூடவே வந்து தோற்றவர், நியூசிலாந்துக்காரர் சாம் ஹார்வி.

இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜூனில், அதே இடம், அதே இரண்டு பேர். நாலு நாள் தாண்டியும் ஒருவரும் நிற்கவில்லை. 118 சுற்று முடிந்தது. அதற்கு மேல் ஹார்வியால் முடியவில்லை. கோர் மட்டும் தனியாகப் போய் 119வது சுற்றையும் முடித்துவிட்டு வந்தார். ஐந்து நாளுக்கு ஒரு மணி நேரம்தான் குறைவு. தூரம் 798 கிலோ மீட்டர். புது உலக சாதனை.

ஹார்வி ஓடியது 791 கிலோ மீட்டர். ஏட்டில் அவர் பந்தயத்தை முடிக்காதவர். ஆனால் அவர் நூறாவது சுற்றில் நின்றிருந்தால், கோர் 101 சுற்றோடு வீட்டுக்குப் போயிருப்பார்.