விளையாட்டுக் கருவியும் புதிய இசையும்

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளியைக் கடந்து செல்வோர், களப்பு கடலோடு கலக்கும் இடத்தில் இறக்கக்கண்டியைக் காண்பர். இத்தகைய கரையோர ஊர்களில், பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளைகள் அரியர். இலைச்சுருளின் ஒரு முனையை நசுக்கி ஊதுங்கால், நசுங்கிய மடிப்புகள் துடித்து ஒலி எழுப்புகின்றன. நாகசுரத்தின் சீவாளி ஒலிப்பதும் இம்முறையிலேயே ஆகும். சுருளைக் கிள்ளிக் குறுக்கினால் சுருதி உயரும். விளையாட்டுப் பொருளைச் சற்றே மாற்றிப் புதிய ஒலி தேடும் கலைக்கு இதனை முதற்பாடம் எனலாம்.

இக்கலை பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை. 1912ஆம் ஆண்டில், ஜப்பானின் நகோயா நகரைச் சேர்ந்த மொரிட்டா கோரோ என்பவர், தட்டச்சுப் பொறியில் உள்ளவை போன்ற விசைகளை நரம்புக் கருவி ஒன்றிற் பொருத்தித் தைஷோகோட்டோவை உருவாக்கினார். இந்தியாவில் அதன் வழிவந்த கருவிக்குப் புல்புல் தரங் என்று பெயர். கராச்சிக்குச் சிறுவர் விளையாட்டுப் பொருளாக வந்திறங்கிய அதே கருவியைப் பலூச்சி இசைவாணர் பெரிதாக்கி, சுருதி நரம்புகளையும் சேர்த்து, பென்ஜு என்னும் அரங்கக் கருவியாக்கினர். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ், 1948ஆம் ஆண்டில் விளையாட்டுப் பியானோவுக்கென்றே ஓர் இசைத் தொகுதியை இயற்றினார்.

மின்கலத்தால் இயங்கும் பொம்மைகள் வேறொரு வாயிலைத் திறந்தன. 1966ஆம் ஆண்டில், அமெரிக்கரான ரீட் கசாலாவின் மேசை இழுப்பறையிற் கிடந்த விளையாட்டு ஒலிபெருக்கி ஒன்று உலோகத்திற் பட்டு, விந்தையான ஒலிகளை எழுப்பியது. அவர் அதனைப் பழுதென்று ஒதுக்காது, வேண்டுமென்றே அவ்வாறு செய்து பார்க்கலானார். பிற்காலத்தில் அம்முறை ‘சர்க்கியூட் பெண்டிங்’ எனப் பெயர் பெற்றது.

அதன் உட்பொருள் எளிது. பாடும் பொம்மைகள் பலவற்றில், ஒலியின் வேகத்தை ஒரு சிறு மின்தடை வரையறுக்கிறது. தடை மிகுந்தால் வேகம் தணிந்து சுருதி இறங்கும்; குறைந்தால் சுருதி ஏறும். அத்தடைக்குப் பதிலாக, வானொலியின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் போன்ற மாறுந்தடையைப் பொருத்தினால், கீச்சென்று பாடிய பொம்மை கடலலைபோல உறுமவும் கூடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இச்சோதனைகளை மின்கலத்தால் இயங்கும் கருவிகளில் மட்டுமே செய்தல் வேண்டும். வீட்டு மின்சாரத்தோடு இணைக்கும் எக்கருவியையும் திறத்தலாகாது. அது உயிருக்கே கேடாகும். மின்கலப் பொம்மையிலும், ஏதேனும் ஒரு பகுதி சூடேறினால் உடனே மின்கலத்தைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

பொம்மையைப் பிரிக்கும் பிள்ளைக்கு ஏச்சு விழுவதே வழக்கம். ஆனால், அது ஏன் பாடுகிறது என்று அறிய விரும்பியே அப்பிள்ளை அதனைப் பிரிக்கிறது. அவ்விருப்பத்தை அதட்டி அடக்கிவிட்டால் மீண்டும் எழுப்புதல் எளிதன்று. பெரியவர் ஒருவர் அருகிருந்து வழிகாட்டுவாராயின், குப்பைக்குப் போகவிருந்த பொம்மையே பிள்ளைக்கு இசையும் விஞ்ஞானமும் ஒருங்கே பயிற்றும்.