கொழுப்புக் கட்டியைக் கீறினால் மட்டும் போதுமா?

முதுகிலோ, பிடரியிலோ, காதுக்குப் பின்னாலோ பட்டாணி அளவில் ஓர் உருண்டை. வலி இல்லை. விரலால் தள்ளினால் நகரும். நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும். கொழுப்புக் கட்டி என்று நாம் சொல்கிறோமே தவிர, உள்ளே இருப்பது கொழுப்பே அல்ல, தோல்தான். வெளியே உதிர வேண்டிய மேல்தோல் ஒரு சிறு பைக்குள் உதிர்ந்து, மாவு மாதிரி சேர்ந்து நாற்றமடிக்கிறது. செம்பனை முள் குத்திய உள்ளங்கையிலும் இது வருவதுண்டு. முள் ஏறும்போது மேல்தோலில் ஒரு துணுக்கை உள்ளே தள்ளிவிடும். அது அங்கேயே இருந்து வளரும்.

சும்மா இருக்கும் கட்டியால் தொல்லை இல்லை. நாம்தான் அதைச் சும்மா விடுவதில்லை. இரண்டு கட்டைவிரலால் பிதுக்குவது, சுண்ணாம்பும் சவுக்காரமும் குழைத்து அப்புவது, ஊசியைச் சுட்டுக் குத்துவது! பிதுக்கினால் பை உள்ளுக்குள்ளேயே கிழிந்துபோகும். மாவு சதையில் பரவி, சிவந்து வீங்கி, விண்விண்ணென்று தெறிக்கும். சுண்ணாம்போ தோலை வேகவைத்துவிடும். மருந்தடிக்கும் தோழர்களுக்கு முதுகுப் பம்பின் பட்டை உராய்ந்தே பழுத்துவிடுவதும் உண்டு.

சீழ் கோத்துவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. கீறி வடித்துத்தான் ஆகவேண்டும். ஆப்பரேஷன் என்றதும் பயந்து நாள் கடத்தாதீர்கள். முழு மயக்கம் தேவையில்லை; பெரும்பாலும் கால்மணி நேரத்தில் முடிகிற வேலை. கட்டியைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுவார்கள். பழுத்த இடத்தில் அந்த மருந்து சரியாகப் பிடிக்காது. அதனால் கொஞ்சம் சுருக்கென்று இருக்கத்தான் செய்யும். வலி இருக்கவே இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். பிறகு ஒரு சிறு கீறல். சீழும் மாவும் வெளிவரும்போது வாடை குடலைப் புரட்டும். அதற்காக வெட்கப்பட வேண்டாம், எங்களுக்குப் பழகிப்போனது. உள்ளே கழுவி, நாடா மாதிரி ஒரு துணியைத் திணித்து, நுனியை வெளியே விட்டுக் கட்டுப்போடுவார்கள்.

"ஏன் சார் தையல் போடல?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். மேல்வாயை மூடிவிட்டால் உள்ளே மறுபடியும் சீழ் தேங்கும். புண் அடியிலிருந்து மேலே ஆறி வரவேண்டும். அதற்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் பிடிக்கலாம். அதுவரை சொன்ன நாளில் கட்டு மாற்ற வாருங்கள். வருவதற்கு அரைமணிக்கு முன் ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டால் துணி எடுக்கும் வலி தெரியாது. முதல் நாள் கட்டில் இரத்தம் கசிந்தால் பதறவேண்டாம். காய்ச்சல் வந்தாலும், சிவப்பு பரவினாலும், வலி குறையாமல் கூடினாலும் அன்றே வந்துவிடுங்கள். மண்ணும் உரமும் புண்ணில் படக்கூடாது. முதுகில் புண் இருக்கும்போது பம்பு தூக்கவே கூடாது.

கீறும் முன் எங்களிடம் மறைக்கக்கூடாத விஷயம் இனிப்புநீர். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, இந்நோய் இருக்கிறது. கட்டி திரும்பத் திரும்பப் பழுத்தால் முதலில் சீனி அளவைப் பாருங்கள். இன்னொன்று: ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி நம் நாட்டில் உண்டு. அது இனிப்புநீர்க்காரரை மோசமாகத் தாக்கும். வழக்கமான மருந்துக்குப் பல வேளை மசியாது. சீழை ஏன் குப்பியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள் என்று கோபிக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லா உருண்டையும் இந்தக் கட்டி அல்ல. இருமும்போது தொடைச்சந்தில் புடைப்பது குடலிறக்கம். அதில் கத்தி வைத்தால் உயிருக்கே ஆபத்து. மார்பிலோ கழுத்திலோ உள்ள கட்டியையும் டாக்டர்தான் பார்க்கவேண்டும்.

சீழ் வடிந்ததும் வலி பறந்துவிடும். நம்மவர்கள் ஏமாறும் இடம் இதுதான். வடித்தது சீழை மட்டுமே. பை உள்ளேதான் இருக்கிறது. புண் ஆறி, வீக்கம் வற்றி, ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பையோடு எடுத்தால்தான் மறுபடி வராமலிருக்க வழியுண்டு. பழுத்த நேரத்தில் பை பிய்ந்து பிய்ந்து வரும், முழுசாகக் கிடைக்காது. அதனால்தான் அன்றைக்கே எடுப்பதில்லை. ஸ்கூடாய் வட்டாரத்தில் தோட்டம் வீடமைப்புத் தாமானாகி, டிரஸ்ஸர் இல்லாமல் போன குடும்பங்கள் அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். தேவைப்பட்டால் அங்கிருந்து ஜொகூர் பாரு சுல்தானா அமினா போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

சம்பளம் போய்விடுமே என்றுதான் பலர் கட்டு மாற்ற வருவதில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. நாள் கூலிக்காரருக்கும் இது பொருந்தும். டாக்டர் தரும் எம்.சி.யைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு, 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.